வரி மேசைக்கு இந்தப் பக்கம்

மதுரையில் வணிகவியல் படித்துக்கொண்டு வரித்துறைத் தேர்வுக்கும் தயாராகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "உங்கள் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் பிரவின் கோர்தன் இறந்தபோது வீட்டில் ஒருவர் போனது போல இருந்தது என்று சொன்னீர்கள் அக்கா. அவர் குஜராத்தி, நீங்கள் தமிழ். அவர் மந்திரி, நீங்கள் குமாஸ்தா. அவர் உங்களுக்கு என்னதான் செய்தார்?"

எனக்கென்று தனியாக அவர் எதுவும் செய்யவில்லை தம்பி. என் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. பெரிய கூடத்தில் சில நூறு ஊழியர்களோடு உட்கார்ந்து அவர் பேசக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நான் வேலை கற்றுக்கொண்ட முதல் பதினோரு வருடமும் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் இருந்தேன். இன்று டர்பனில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். ஒருவர் பில் கட்டோடு உள்ளே வந்தால் அவரை எப்படி உட்கார வைக்கிறேன், முதலில் என்ன கேட்கிறேன் என்பது வரை அங்கே படிந்த பழக்கம். அதனால்தான் அந்த வருத்தம்.

இதை உங்களுக்குப் புரியவைக்க 'வரி' என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் ஊரில் அது ஒரு பாடம், ஒரு வேலைவாய்ப்பு. எங்கள் வீட்டில் அது ஒரு கெட்ட வார்த்தை.

என் ஆயாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக, டர்பன் இருக்கும் நாட்டால் பகுதிக்கு வந்தவர். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதக் கூலி பத்து ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1895இல் நாட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் திரும்ப ஒப்பந்தம் எழுத வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் செய்யாமல் இங்கேயே சுதந்திரமாக இருக்க நினைத்தால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி. பதினாறு வயது தாண்டிய ஆணுக்கும், பதின்மூன்று வயது தாண்டிய பெண்ணுக்கும் தலைக்கு மூன்று பவுன். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், அதாவது முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். வீட்டில் நான்கு தலை இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வரி பணத்துக்காகப் போட்டதே இல்லை. மனிதர்களைத் திரும்பத் தோட்டத்துக்குள் தள்ளுவதற்காகப் போட்டது.

காந்தி தலைமையில் இங்கே நடந்த 1913 போராட்டத்தின் ஒரு முக்கியக் கோரிக்கை இந்த மூன்று பவுன் வரியை எடுக்க வேண்டும் என்பதுதான். தம்பி நாயுடுவும் தமிழ்ப் பெண்களும் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது, தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் வந்து 1914 பிப்ரவரியில் இறந்தது எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். 1914இல் வரி போனது. எங்கள் ஆயாவின் வாயில் மட்டும் அது போகவே இல்லை. யாராவது பிடிவாதமாகப் பணம் கேட்டால் "மூணு பவுன்காரன் வந்துட்டான்" என்பார்.

1998 பிப்ரவரியில் எனக்கு வரித்துறையில் வேலை கிடைத்த செய்தியை ஆயாவிடம் சொன்னேன். எண்பத்தாறு வயது அவருக்கு. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கமா உக்காரப் போற?" என்று கேட்டார். திட்டவில்லை, வாழ்த்தவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது. சொல்லக் கற்றுக்கொடுத்தவர் கோர்தன்.

இப்போது அவரைப் பற்றி. 1949 ஏப்ரல் 12இல் டர்பனில் பிறந்தவர். சாஸ்திரி கல்லூரியில் பள்ளிப்படிப்பு, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் மருந்தாளுநர் பட்டம், அப்புறம் கிங் எட்வர்ட் மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை. காந்தி 1894இல் தொடங்கிய நாட்டால் இந்திய காங்கிரஸ் நெடுநாள் முடங்கிக் கிடந்து 1971இல் மறுபடி உயிர்பெற்றது. அதில் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர். பகலில் மருந்துக் கட்டும் வேலை, மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போகும் வேலை.

எந்தக் குடியிருப்பு என்று கேட்டால், எங்களுடையதும்தான். நான் பிறந்தது உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டில் தகரக் கொட்டகைகளாக இருந்த டின் டவுனில். அந்த ஆறு எங்கள் மக்களுக்குப் புதியதல்ல. 1917 வெள்ளத்தில் மாரிமுத்து படவாட்டன் என்ற மீனவரும் அவரோடு ஐந்து பேரும் ஒரே படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள் என்பதை டர்பன் தமிழர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1976இல் மறுபடியும் ஆறு ஏறியது. எனக்கு அப்போது நான்கு வயது. எனக்கு நினைவிருப்பது கூடாரமும், ஈரப் போர்வை வாசனையும், ஒரு அலுமினியத் தட்டும்தான். எங்களைப் போன்றவர்களை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். நிவாரணத்துக்கு வந்த மாணவர்களும் இளைஞர்களும் அத்தோடு போய்விடாமல், ஃபீனிக்ஸுக்கும் பின்னாலேயே வந்தார்கள் என்று அம்மா சொல்வார். தண்ணீர்க் குழாய் இல்லை, பேருந்து இல்லை, வாடகை அதிகம் என்று மக்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசியது அந்த வட்டம்தான். 1980இல் மாநகராட்சி வாடகையை உயர்த்தியபோது ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் எல்லாம் சேர்ந்து டர்பன் வீட்டுவசதி நடவடிக்கைக் குழு உருவானது. அதைக் கட்டியவர்களில் கோர்தனும் ஒருவர்.

எங்கள் அப்பா சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவர். அவர் அந்தக் காலத்தில் ஒரு அரசு அலுவலகத்துக்கு ஒரு சின்னத் தாளுக்காகப் போய்வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கென்று தனி வரிசை, தனி சன்னல். காலை ஏழு மணிக்குப் போய் நின்றவரை மூன்று மணிக்கு "நாளைக்கு வா" என்று அனுப்பினார்கள். மறுநாள் வேறு தாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் தொழிற்சாலையில் சம்பளம் பிடித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார். என்ன தாள் அது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் படுத்திருந்த முதுகு மட்டும் நினைவிருக்கிறது.

கோர்தனின் கதையில் அடுத்த பத்து வருடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1981இல் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். மருத்துவமனை வேலையும் போனது. அப்புறம் தடை உத்தரவு, தலைமறைவு. 1980களின் கடைசியில், நிறவெறி அரசை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் (ஏ.என்.சி.) வெளிநாட்டில் இருந்த தலைமையை நாட்டுக்குள் கொண்டுவரும் 'வூலா' என்ற இரகசிய வேலையில் இருந்தார். 1990இல் மறுபடி பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். அதற்கு அடுத்த வருடம் நிறவெறி ஆட்சியை முடிக்கத் தொடங்கிய கொடெசா பேச்சுவார்த்தையில் அதே மனிதர் நிர்வாகக் குழுவின் தலைவர் இருக்கையில். 1994இல் நாடாளுமன்ற உறுப்பினர். இதெல்லாம் எங்கும் படிக்கக் கிடைக்கும். எனக்கு முக்கியமானது அடுத்து வருவது.

தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவை, நாங்கள் சுருக்கமாக 'சார்ஸ்' என்போம், 1997இல் நிதியமைச்சகத்திலிருந்து பிரித்துத் தன்னாட்சி அமைப்பாக ஆக்கப்பட்டது. நான் 1998இல் சேர்ந்தேன். அதே வருடம் கோர்தன் துணை ஆணையராக வந்தார், 1999இல் ஆணையர். வரி கட்ட மறுத்த, வாடகை கட்ட மறுத்த மக்களின் தலைவர் ஒருவர் வரி வாங்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவரோடு சிறையிலிருந்தவர்கள் வெளிநாட்டுத் தூதர்களாகவும் அமைச்சர்களாகவும் போய்க்கொண்டிருந்த காலம் அது. வரித்துறை யாரும் ஆசைப்பட்டுக் கேட்கும் பதவியாக இருக்கவில்லை. அவர் ஏன் அதை ஒப்புக்கொண்டார் என்று எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வோம்.

போகப் போகப் புரிந்தது. நிறவெறிக் காலத்தில் பெரும்பான்மை மக்களுக்கு வரி என்பது தங்களை அடக்குபவனுக்குக் கொடுக்கும் தெண்டம். கட்டாமல் இருப்பதே போராட்டம். 1994இல் ஆட்சி மாறிவிட்டது, மனசு ஒரே நாளில் மாறுமா? பணக்காரர்கள் பக்கம் வேறு கதை: 'இந்த அரசு நம்முடையது அல்ல, எதற்குக் கட்ட வேண்டும்?' இரண்டு பக்கமும் கையை மடக்கி வைத்திருக்கிற நாட்டில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எதை வைத்து நடத்துவது? இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு ஒரு போராட்டக்காரர்தான் சரியான ஆள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அவர் சார்ஸுக்குள் அடிக்கடி புழங்கவிட்ட ஒரு கருத்து 'உயர்ந்த நோக்கம்'. கேட்டால் சுவரில் ஒட்டும் வாசகம் போல இருக்கும். ஆனால் பயிற்சி வகுப்பில் அதை எங்களுக்கு உடைத்துச் சொன்னார்கள். 1998 ஏப்ரலில் குழந்தை ஆதரவு உதவித்தொகை தொடங்கியது. ஏழு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் (ராண்ட் எங்கள் நாட்டு நாணயம்). நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். அந்த நூறு ராண்ட் எங்கிருந்து வருகிறது? நான் சரிபார்க்கும் தாளிலிருந்து. ஒரு பெரிய கம்பெனி ஏமாற்றிய தொகையை நான் கவனிக்காமல் விட்டால் எத்தனை குழந்தையின் நூறு ராண்ட் அது? அன்றிலிருந்து எண்களைப் பார்த்தால் எனக்கு நூறால் வகுக்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போதும் போகவில்லை.

பேச்சோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். வேலை நடக்கும் விதத்தையே மாற்றினார். 'சியாக்கா' என்று அதற்குப் பெயர், ஜூலு மொழியில் 'கட்டுகிறோம்' என்று பொருள். அதை முதலில் எங்கள் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஒருவருடைய படிவம் வந்தால் வாங்குவது, கோப்பில் நூல் கோர்ப்பது, கணக்குப் பார்ப்பது, கடிதம் எழுதுவது, பதில் சொல்வது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மேசை. அந்த மேசைக்காரர் விடுப்பில் போனால் அந்தக் கோப்பும் விடுப்பில் போகும். சியாக்காவில் இதைப் பிரித்தார்கள். தாள்களைப் பார்க்கும் மையம் ஒரு பக்கம், மக்கள் வந்து கேட்கும் சேவை மையம் ஒரு பக்கம், தொலைபேசி மையம், கணக்குத் தணிக்கை, அமலாக்கம் என்று தனித்தனி. எல்லாருக்கும் பயம். 'என் மேசை போய்விடுமோ' என்று பெரியவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் பயம்தான். இரண்டு வருடமாக ஒரு மாதிரி வேலை பழகிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்று வீட்டில் வந்து முணுமுணுத்திருக்கிறேன்.

என்னைச் சேவை மையத்தில் போட்டார்கள். மக்கள் வந்து உட்காரும் இடம். அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் சட்டம் பற்றியது இல்லை. வருபவர் பயந்துபோய் வருகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உட்காரச் சொல்லுங்கள், அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எந்தத் தாள் குறைகிறது என்று ஒரே தடவையில் முழுதாகச் சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்ப அலைய விடாதீர்கள். ஒரே தடவையில் முழுதாக! அப்பாவின் முதுகு எனக்கு அந்த வகுப்பில்தான் மறுபடி ஞாபகம் வந்தது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மக்கள் நம்மைத் தேடி வரட்டும் என்று உட்காராமல் நாங்களும் போனோம். படிவம் தாக்கல் செய்யும் பருவம் வந்தால் தொழிற்சாலை, கடைவளாகம், சமூகக் கூடம் என்று மேசை போடுவோம். எனக்கு மறக்க முடியாதது 2007ஆம் வருடத்தில் ஃபீனிக்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அப்போது சிறு தொழில்களுக்கான வரி மன்னிப்புத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒரு கோடி ராண்டுக்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் தாங்களாகவே முன்வந்து பதிவு செய்தால் பழைய வரியும் அபராதமும் தள்ளுபடி. கணக்கிடும் வருடத்து வருமானத்தில் ஒரு சிறு விழுக்காடு, அதிகம் போனால் ஐந்து, கட்டினால் போதும். டாக்சி ஓட்டுபவர்கள், முடி திருத்துபவர்கள், மசாலாக் கடைக்காரர்கள் எல்லாம் அதுவரை கணக்குக்கு வெளியே இருந்தவர்கள்.

ஒரு தாத்தா வந்தார். மசாலா அரைத்து விற்பவர். அவர் உட்காரும் முன்பே மல்லி, மிளகாய் வாசனை வந்து உட்கார்ந்துவிட்டது. மடியில் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்தால் பதினைந்து வருட ரசீது, ரப்பர் பேண்ட் போட்டு, வருடவாரியாக. கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் தமிழில் "உக்காருங்க தாத்தா" என்றதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஜெயிலுக்கு அனுப்புவீங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்த டின்னில் இருந்த ஒவ்வொரு ரசீதும் மஞ்சள் படிந்திருந்தது. ஒரு மனிதர் பதினைந்து வருடம் ஒரு தாளைக்கூடத் தொலைக்காமல் வைத்திருக்கிறார் என்றால் அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, உள்ளே வரும் வாசல் எது என்று தெரியாதவர். இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்தேன். வரிசை நீண்டுகொண்டே போனது, மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், டின்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் என் வரிசையைப் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட்டுப் போனார். அந்த அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தது. கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியபோது தாத்தா தமிழில் போட்டார். "இங்கிலீஷ்ல போடணுமா?" என்றார். "இது உங்க கையெழுத்து தாத்தா, எப்படிப் போட்டாலும் சரி" என்றேன்.

மறு வாரம் என் மேசைக்கு ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. மசாலாத்தூள். பரிசு வாங்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி, பதிவேட்டில் எழுதித் திருப்பி அனுப்பினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் திருப்பி அனுப்பியதில் தாத்தாவுக்கு ஒரு பெருமை என்று அவர் மகன் பின்னால் சொன்னார். 'லஞ்சம் வாங்காத பொண்ணு' என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்வாராம்.

அதே 2007இல்தான் தனிநபர் படிவமும் சுருங்கியது. பல பக்கம் இருந்த படிவம் இரண்டு பக்கத்துக்கு வந்தது. இணையம் வழியாகத் தாக்கல் செய்வது அதற்குச் சில வருடம் முன்பே வந்துவிட்டது. உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். முழங்கை உயரத்துக்கு அடுக்கிய தாள்களுக்கு நடுவே வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் வணிகவியல் மாணவர் என்பதால் எண்களையும் சொல்ல வேண்டும். 1994/95 நிதியாண்டில் வசூலான வரி சுமார் 11,380 கோடி ராண்ட். கோர்தன் சார்ஸை விட்டுப் போன 2008/09இல் 62,510 கோடி ராண்ட். விலைவாசி ஏறியது, பொருளாதாரமும் வளர்ந்தது, உண்மைதான். ஆனால் இதே காலத்தில் வரி விகிதம் இறங்கிக்கொண்டே வந்தது என்பதை மறக்காதீர்கள். கம்பெனி வரி 35 விழுக்காட்டிலிருந்து 1999இல் 30, 2005இல் 29, 2008இல் 28. தனிநபரின் உச்ச விகிதம் 45லிருந்து 40. விகிதத்தைக் குறைத்து வசூலைக் கூட்ட முடிந்ததென்றால், கட்டாமல் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள் என்று அர்த்தம். ஏழையை மட்டும் பிடித்ததால் வந்த பணம் இல்லை அது. 2001இல் மூலதன ஆதாய வரி வந்தது. 2004இல் பெரிய நிறுவனங்களுக்கென்றே தனி மையம் அமைத்து, அவர்களுடைய வழக்கறிஞர்களுக்கு ஈடுகொடுக்கும் ஆட்களை வேலைக்கு எடுத்தார்கள். மசாலாத் தாத்தாவுக்கு நாற்காலி, பெரிய நிறுவனத்துக்குப் பூதக்கண்ணாடி. இந்த இரண்டும் ஒரே தலைமையின் கீழ் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மார்ச் 31 எங்களுக்கு நிதியாண்டின் கடைசி நாள். அன்று இரவு யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை. ஏப்ரல் முதல் தேதி வருடத்து வசூலை அறிவிப்பார்கள். இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று தெரியும்போது வாசலில் நிற்கும் காவலாளிவரை கைதட்டுவார். கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி இருக்கும். வரி வசூலித்ததற்குக் கைதட்டும் ஊர் வேறு எங்காவது உண்டா என்று என் கணவர் கேட்பார். அவர் திருநெல்வேலிக்காரர், டர்பன் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர். அவர் புண்ணியத்தில்தான் எனக்கு இப்படி நாள் முழுதும் தமிழ் பேசவும் எழுதவும் வாய்த்தது.

ஆயாவிடம் பதில் சொன்னது 2001இல், அவருடைய கடைசி வருடம். ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகை வரும் நாள். பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். "ஆயா, இது எங்கிருந்து வருது தெரியுமா? நான் உக்காந்திருக்கேனே, அந்த மேசையிலிருந்துதான்" என்றேன். முடிச்சை அவிழ்த்து மறுபடி ஒரு தடவை எண்ணினார். "அப்போ ஒழுங்கா வாங்கு" என்றார்.

2009இல் கோர்தன் நிதியமைச்சர் ஆனார். நான் 2012வரை இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். அதற்கப்புறம் நடந்ததை வெளியிலிருந்துதான் பார்த்தேன். 2014இலிருந்து, சார்ஸுக்குள் சட்டவிரோத உளவுப் பிரிவு இருந்தது என்று தொடர்ந்து செய்திகள் வந்தன. பல மூத்த அதிகாரிகள் வெளியேறினார்கள். அந்தச் செய்திகளை வெளியிட்ட ஞாயிறு பத்திரிகை 2016இல் மன்னிப்புக் கேட்டது. அதையொட்டி அறிக்கை எழுதிய தணிக்கை நிறுவனம் 2017இல் தன் முடிவுகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். 2018இல் நீதிபதி நியூஜென்ட் தலைமையிலான விசாரணை ஆணையம், அமைப்பு எந்த அளவுக்குச் சிதைக்கப்பட்டது என்பதை விரிவாக எழுதியது. என்னோடு மேசை பகிர்ந்தவர்கள் சாட்சியங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து பேச முடியாமல் வைத்துவிடுவார்கள்.

2017 அக்டோபரில் அந்த வருட வசூல் எதிர்பார்த்ததைவிட 5,080 கோடி ராண்ட் குறையும் என்று அறிவித்தார்கள். பொருளாதாரம் மந்தம் என்பதும் ஒரு காரணம். ஆனாலும் எனக்கு அந்த எண்ணை நூறால் வகுக்காமல் இருக்க முடியவில்லை. 2018 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி 14லிருந்து 15 விழுக்காடாக ஏறியது, 1993க்குப் பிறகு முதல் தடவை. பருப்புக்கும் சோள மாவுக்கும் அந்த வரி இல்லை. சோப்புக்கும் கோழிக்கும் துணிக்கும் உண்டு. கட்ட வேண்டியவர்களிடம் வாங்க முடியாமல் போனதில் ஒரு பகுதி, வாங்கும் சோப்பில் ஏறி ஏழை வீட்டுக்குப் போனது.

இந்த நடுவில் கோர்தனுக்கு நடந்தது நாடறிந்த கதை. 2015 டிசம்பரில் நிதியமைச்சரைத் திடீரென்று நீக்கி வேறொருவரைப் போட்டார்கள். ராண்ட் மதிப்பு சரிந்தது. நான்கே நாளில் கோர்தனைத் திரும்ப அழைத்தார்கள். 2017 மார்ச் கடைசியில், லண்டனில் முதலீட்டாளர்களைச் சந்திக்கப் போனவரைப் பாதியில் திரும்பி வரச் சொல்லி, நள்ளிரவில் பதவி நீக்கினார்கள். அப்போது, புள்ளிகளை இணைத்துப் பாருங்கள், அதாவது நடந்ததையெல்லாம் சேர்த்துப் பாருங்கள் என்று அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியது. கோலம் போடுகிற வீட்டில் பிறந்த எனக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லப்போவதில்லை. 2018இலிருந்து பொதுத்துறை நிறுவன அமைச்சராக இருந்த ஆறு வருடத்தில் மின்வெட்டு மோசமானது, சரக்கு ரயில் தடுமாறியது, விமான நிறுவனத்தை விற்கும் ஒப்பந்தம் பல வருடம் இழுத்து 2024இல் முறிந்தது. அவரிடமே பொறுப்பு இருந்தது, அவரைக் கேள்வி கேட்டவர்கள் கேட்டது நியாயம்தான். கேள்வியை அவர் எளிதாகத் தாங்கிக்கொள்ளவில்லை என்ற விமர்சனமும் உண்டு. சார்ஸைக் கட்டியபோது பத்து வருடம் கிடைத்தது, ஒரே இடத்தில், ஒரே வேலை. அழுகிப்போனதைச் செப்பனிடுவது வேறு வேலை, அதற்கு அவருக்குக் கிடைத்த காலமும் உடம்பும் போதவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

2024 தேர்தலோடு ஒதுங்கிக்கொண்டார். அதே வருடம் செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை, புற்றுநோயால் இறந்தார். எழுபத்தைந்து வயது. 19ஆம் தேதி டர்பனில் அரசு மரியாதையோடு இறுதி நிகழ்ச்சி. புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள். இங்கே புரட்டாசி என்றால் தமிழ் வீடுகளில் மாதம் முழுக்க அசைவம் கிடையாது, வீட்டைக் கழுவி விளக்கேற்றி வைத்திருப்போம். அன்று காலை அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்தேன். பழைய தோழி ஒருத்தி, ஜூலு, சேவை மையத்தில் எனக்குப் பக்கத்து மேசை, அவளும் வந்திருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பார்வை மங்கல். நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். தாடி, கண்ணாடி, ஒல்லியான ஒரு இளைஞர்.

"வெள்ளம் வந்தப்போ வந்தாங்களே, அந்தப் பசங்கள்ல ஒருத்தரா?" என்றார்.

"ஆமாம்மா. அந்தக் கூட்டத்துப் பையன்தான்."

"சாப்பிட்டாங்களோ என்னவோ அன்னிக்கு" என்றார் அம்மா. "நாம யாரும் கேக்கவே இல்லை."